முறிந்த முதுகும் முயன்ற அறிவும்

உழவனை நாட்டின் முதுகெலும்பு என்கிறோம். தொழிலாளியைச் சமுதாயத்தின் முதுகெலும்பு என்கிறோம். அநீதி கண்டும் அடங்கிக் கிடப்பவனை முதுகெலும்பற்றவன் என்று ஏசுகிறோம். மேடையிலே முதுகெலும்புக்கு இத்தனை மதிப்பு! அந்த உழவனுக்கு, அந்தத் தொழிலாளிக்கு, மெய்யாகவே முதுகெலும்பு முறிந்துவிட்டால்? திண்ணையின் மூலையிலே ஒரு பாய், பாயின்மேல் அவன், பார்க்க வருவோர் வாயிலே ஒரே சொல்: "விதி!"

விதி என்றனர், வினைப்பயன் என்றனர், தலையெழுத்து என்றனர். எழுதிய கை எது என்று கேட்டாரில்லை. ஏன் முறிந்தது, எங்கே முறிந்தது, முறிந்ததை நிமிர்த்த முடியுமா என்று கேட்டாரில்லை. ஆனால் உலகின் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு காலங்களில், அந்தச் சொல்லை ஏற்க மறுத்தோர் சிலர் இருந்தனர். எகிப்திலே தொடங்கி, கிரேக்கத்திலே வளர்ந்து, இங்கிலாந்தின் சுரங்கங்களையும் போர்க்களங்களையும் கடந்து, வேலூர் வரை வந்த வரலாறு அது. நாம் மருத்துவரல்லர், பள்ளியிலே பாடம் சொல்வோர். ஆகவே மருந்து கூற முற்படவில்லை, வரலாறு கூறுகிறோம்.

கிணறும் பனையும்

விருதுநகர் மாவட்டத்திலே, காரியாபட்டி வட்டத்திலே இருக்கிறது மல்லாங்கிணறு. ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. மழை பொய்த்தால் நிலம் வெடிக்கும் கரிசல் வட்டாரம். தண்ணீர் வேண்டுமா? ஆழத் தோண்ட வேண்டும். தோண்டியதைத் தூர் வார வேண்டும். கயிற்றைப் பற்றி இறங்க வேண்டும். பதநீர் வேண்டுமா? பனை ஏற வேண்டும். மாடி வீடு வேண்டுமா? யாரோ ஒருவர் சாரத்தின்மேல் நின்று கல் அடுக்க வேண்டும். சிவகாசிப் பக்கம் சென்றாலோ பட்டாசுக் கொட்டகைகள். வெடி விபத்து என்றால் தீப்புண் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. சுவர் சரிந்தால், கூரை விழுந்தால், மனிதன் தூக்கி எறியப்பட்டால், எலும்பும் முறியும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மேலை நாடுகளிலே முதுகெலும்பு முறிவுக்கு வண்டி விபத்தே முதற்காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் நாட்டு மருத்துவமனைகளிலோ மரத்திலிருந்தும், மாடியிலிருந்தும், கிணற்றுக்குள்ளும் விழுந்து முதுகொடிந்து வருவோர் பெருந்தொகையினர். கூலிக்கு உழைப்போர் அவர்கள். ஏறச் சொன்னவன் விழுவதில்லை, ஏறியவன் விழுகிறான். இறங்கச் சொன்னவன் முறிவதில்லை, இறங்கியவன் முறிகிறான். இதிலே விதிக்கு என்ன வேலை?

எங்கே முறிகிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. முப்பத்து மூன்று முள்ளெலும்புகள் அடுக்கிய கோபுரம். கழுத்திலே 7, மார்புப் பகுதியிலே 12, இடுப்பிலே 5, அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை. மார்புப் பகுதியின் பன்னிரண்டும் விலாவெலும்புகளோடு பிணைந்து கூண்டுபோல் இறுகி நிற்பவை. இடுப்பின் ஐந்தும் தங்கு தடையின்றி வளைபவை. கம்பு ஒன்றின் பாதியைச் சுவரில் பதித்து, மறுபாதியைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். எங்கே ஒடியும்? சுவரை ஒட்டிய இடத்திலே ஒடியும். உடலிலும் அதே கணக்குத்தான். இறுகிய பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் சந்தியிலே, அதாவது மார்பின் 11, 12ஆம் எலும்புகளிலும் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளிலும், முறிவு மிகுதியாக நேர்கிறது.

பனையிலிருந்து விழுபவன் பெரும்பாலும் காலூன்றி விழுகிறான். அல்லது உட்கார்ந்த வாக்கில் விழுகிறான். அடி குதிகாலிலே தொடங்கி, இடுப்பு வழியே ஏறி, அந்தச் சந்தியிலே வந்து தாக்குகிறது. ஆகவேதான் உயரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு உடைந்தவனைக் கண்டால், தேர்ந்த மருத்துவர் அவன் முதுகையும் சோதிக்கிறார்.

முள்ளெலும்புகளின் உள்ளே ஒரு கால்வாய். அதன் வழியே, மூளையின் கட்டளைகளைச் சுமந்து இறங்குகிறது தண்டுவடம்; ஏறத்தாழ நம் சுண்டுவிரல் பருமன். இடுப்பின் முதல் எலும்புக்கருகில் வடம் முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே நரம்புகள் குதிரைவால்போல் கற்றையாகத் தொங்குகின்றன. வடம் நசுங்கினால் மீள்வது அரிது. குதிரைவால் நரம்புகள் நசுங்கினால் மீளும் வாய்ப்பு அதைவிட மிகுதி. ஓர் எலும்பு மேலே முறிந்ததா, கீழே முறிந்ததா என்பதைப் பொறுத்து ஒருவனது வாழ்வு மாறுகிறது.

முறிவிலும் வகையுண்டு. எலும்பின் முன்பக்கம் மட்டும் நசுங்கி ஆப்புப் போலாவது ஒன்று. எலும்பின் உடல் முழுதும் வெடித்து, துண்டுகள் பின்னே தள்ளப்பட்டு வடத்தை அழுத்துவது மற்றொன்று. மேலெலும்பு கீழெலும்பை விட்டே நழுவிப் போவது மூன்றாவது, கொடியது.

ஏணியும் பலகையும்

1862இல் எகிப்திலே எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழஞ்சுவடியை விலைக்கு வாங்கினார். இற்றைக்கு ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அதனினும் பழைய ஏட்டின் படி என்கின்றனர் ஆய்வாளர். அதிலே நாற்பத்தெட்டு நோயாளிகளின் நிலை விளக்கப்பட்டிருக்கிறது. கழுத்தெலும்பு நழுவியவன் தன் கைகால்களை உணராதிருப்பதையும், அவனை அறியாமலே சிறுநீர் சொட்டுவதையும் அந்தப் பெயரறியா மருத்துவன் கண்டு எழுதியிருக்கிறான். மந்திரத்தை நாடாமல் கண்ணால் கண்டதைக் குறித்திருக்கிறான். ஆனால் இறுதியிலே அவன் அளித்த தீர்ப்பு: இது மருத்துவம் செய்யத்தகாத நோய்.

கிரேக்கத்திலே, கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டளவில், இப்போக்கிரட்டிசு வந்தார். அவர் காலத்திலே முதுகு வளைந்தவனை ஏணியிலே கட்டி, ஏணியை உயரத்திலிருந்து கீழே விட்டுக் குலுக்கும் வழக்கம் இருந்தது. கூட்டம் வாய்பிளந்து பார்க்கும்! இந்த முறையால் நிமிர்ந்தவர் எவரையும் தாம் அறிந்ததில்லை என்றும், கூட்டத்தை வியக்க வைக்க விரும்புவோரே இதை மிகுதியாகச் செய்கின்றனர் என்றும் அவர் பெயரால் வழங்கும் நூல் சாடுகிறது. காற்றடைத்த தோற்பையை முதுகின் கீழ் வைத்து நிமிர்த்த முயன்று தோற்றதையும் அந்நூல் மறைக்கவில்லை. தோற்ற முயற்சியும், ஏன் தோற்றது என்பதும், பின்வருவோர்க்குப் பாடம் என்கிறது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த பகுத்தறிவுக் குரல் அது! வெற்றியைப் பறைசாற்றுவோர் பலர். தோல்வியை எழுதி வைக்கும் துணிவே அறிவியலின் தொடக்கம்.

நம் துணைக்கண்டத்திலும் முயற்சி இல்லாமலில்லை. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல், எலும்பு முறிந்தவனைக் கதவுபோன்ற பலகையிலே கிடத்தி, அசையாதபடி முளையடித்து நிறுத்தச் சொல்கிறது. அசையவிடாதே என்ற அந்த ஒரு செய்தியை ஊரார் மறவாதிருந்தால் எத்தனையோ கால்கள் பிழைத்திருக்கும். ஏழாம் நூற்றாண்டிலே ஏகினா தீவின் பவுல் என்ற கிரேக்க மருத்துவர், வடத்தை அழுத்தும் எலும்புத் துண்டை அறுத்து எடுக்கலாம் என்று எழுதினார். எழுத்து ஏட்டிலே இருந்தது. செயல் பிறக்கப் பதினோரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

கத்தி எடுத்தவர்கள்

1814இல் இலண்டனிலே ஹென்றி கிளைன் துணிந்தார். முறிந்த முதுகைத் திறந்து, அழுத்தும் எலும்பை அகற்ற முயன்றார். நோயாளி பிழைக்கவில்லை. மருத்துவ உலகம் இரண்டுபட்டது. செய்து பார்ப்பதே முறை என்றார் ஆஸ்ட்லி கூப்பர். செய்வது கொடுமை என்றார் சார்லஸ் பெல். 1829இல் அமெரிக்காவின் கென்டகியிலே ஆல்பன் ஸ்மித் என்பவர் குதிரையிலிருந்து விழுந்த ஒருவனுக்கு அதே அறுவையைச் செய்தார், அவன் பிழைத்தான், ஓரளவு பயனும் கிட்டியது.

அக்காலத்து அறுவையை எண்ணிப் பாருங்கள். மயக்க மருந்து இல்லை. கையைக் கழுவும் வழக்கம் இல்லை. உள்ளே என்ன முறிந்தது என்று காட்டும் படம் இல்லை. 1846இல் ஈதர் மயக்கம் வந்தது. 1867இல் லிஸ்டர் கிருமியைக் கொல்லும் முறையை வெளியிட்டார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். இம்மூன்றும் இணைந்த பின்னரே முதுகு அறுவை என்பது மரண தண்டனையின் மறுபெயராக இருந்த நிலை மாறிற்று. ஒரு துறையின் வெற்றிக்குப் பிற துறைகள் வழி திறக்கின்றன. தனியொரு மேதையால் வந்ததன்று.

1911இல் நியூயார்க்கிலே ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி ஆகிய இருவர், ஒருவரையொருவர் சாராமல், அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டி வளரச் செய்யும் அறுவையை வெளியிட்டனர். ஆல்பி காலெலும்பிலிருந்து துண்டெடுத்து முதுகிலே பதித்தார். இருவரும் அதனை முதலிலே காசநோய் அரித்த முதுகுக்குத்தான் செய்தனர். முறிவுக்கும் அது பயன்படும் என்பது பின்னர் விளங்கிற்று.

சுரங்கமும் போரும்

எலும்பை ஒட்ட வைக்கலாம். ஆனால் கால் செயலிழந்து கிடப்பவனைச் சாகடித்தது எது? முதல் உலகப்போரிலே முதுகுத் தண்டில் காயமுற்ற வீரர்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் முதற்சில வாரங்களிலேயே மாண்டதாக எழுதினார் அமெரிக்க நரம்பு அறுவையாளர் ஹார்வி குஷிங். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் இரண்டு: படுக்கைப்புண், சிறுநீர்ப்பாதையிலே சீழ்.

1917இல் செருமானிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனை ஒன்றிலே ஓர் இளைஞர் ஏவல் பணி செய்துகொண்டிருந்தார். முதுகொடிந்த கட்டுடல் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்தனர். அவனைப் பற்றி எழுதி வைத்து என்ன பயன், சில வாரங்களிலே இறந்துவிடுவான் என்றனர் மூத்தோர். அவ்வாறே இறந்தான். அந்த இளைஞர் அதை மறக்கவில்லை. அவர்தாம் லுட்விக் குட்மன்.

யூதர் என்பதால் இட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்தார் குட்மன். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்திலே முதுகொடிந்த வீரர்களுக்கான பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் செய்த புதுமை யாது? இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் போடுக என்றார். இரவென்றும் பகலென்றும் பாராமல். சிறுநீரைத் தூய்மையாக வெளியேற்றுக என்றார். படுத்தவனை உட்கார வைத்தார். உட்கார்ந்தவனுக்குத் தொழில் கற்பித்தார். வில்லைக் கையிலே கொடுத்தார். 1948 சூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியிலே கலந்துகொண்டனர். 1960இல் உரோம் நகரிலே ஏறத்தாழ நானூறு பேர் ஆடினர். இன்றைய பாராலிம்பிக் போட்டி அங்கே பிறந்தது.

குட்மன் கத்தியை நம்பவில்லை. தலையணைகளை அடுக்கிக் கிடத்தினாலே முறிவு நேராகும் என்றார். அதே இங்கிலாந்தின் செஃபீல்டு நகரிலே, நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை சரிந்து முதுகொடிந்த தொழிலாளிகளைப் பார்த்துவந்த ஃபிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த் வேறு வழியிலே சிந்தித்தார். எல்லா முறிவும் ஒன்றல்ல. சில நிலையானவை, சில நழுவுபவை. நழுவுபவற்றை உலோகத் தகடு வைத்துப் பிணைக்க வேண்டும் என்று 1953இல் ஹார்டி என்பவரோடு சேர்ந்து எழுதினார். முதுகின் பின்புறத் தசைநார்கள் அறுந்தனவா இல்லையா என்பதே நிலைப்புக்கு அளவுகோல் என்று 1963இல் வகைப்படுத்தினார்.

ஒருவர் கத்தி வேண்டாமென்றார், ஒருவர் வேண்டுமென்றார். வெற்றி யாருக்கு? இருவருக்கும்! கம்பி வைத்துப் பிணைத்தபின் புரட்டிப் போட ஆளில்லையேல் அறுவையால் பயனில்லை. இன்றைய மருத்துவமனையிலே ஹோல்ட்ஸ்வொர்த்தின் வழியும் குட்மனின் வழியும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கின்றன.

தமிழகத்திலே

1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதலாவது அது. அடுத்த ஆண்டிலே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறைக்கு அடிகோலினார். அதுவரை முதுகும் மூளையும் நம் அறுவைக்கூடங்கள் தொட அஞ்சிய இடங்கள்.

1954 சனவரியிலே வேலூர் மருத்துவர் சிலர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. கொச்சி நாட்டிலே 1925இல் பிறந்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவரின் முதுகுத் தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்டவர் படுக்கையிலே வீழ்ந்தார். பெண்; அதிலும் நடக்க இயலாத பெண். நம் சமுதாயம் அத்தகையோருக்கு அளிக்கும் இடம் எது என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் வேலூரிலே பால் பிராண்ட் என்ற அறுவையாளர் இருந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையிலே உலகப்புகழ் பெற்றவர். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்றார் அவர். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலே அமர்ந்து அறுவை செய்தார். ஊராரால் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளியின் விரலை, ஒதுக்கப்பட்டிருக்க வேண்டியவராக உலகம் எண்ணிய பெண் நிமிர்த்தினார்! பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவத்தைக் கண்டும் கற்றும் திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்திலே, முதுகொடிந்தோர் தங்கி, சக்கர நாற்காலியை ஓட்டவும், தம் உடலைத் தாமே பேணவும், தொழில் கற்கவும் ஒரு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. 1986இல் மறைந்தார்.

நம் தென்பகுதியிலும் ஒரு சான்று உண்டு. 1975இல் கடற்படைத் தேர்வுக்குச் சென்றபோது விழுந்து கழுத்தெலும்பு முறிந்த பொறியியல் மாணவர் எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியிலே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முறிந்தது கழுத்து, நாம் பேசுவது இடுப்பு. ஆயினும் பாடம் ஒன்றே. உயிர் பிழைத்தபின் வாழ்வதற்கு ஓரிடம் வேண்டும். அறுவைக்கூடம் மட்டும் அதைத் தந்துவிடாது.

கொக்கியும் திருகாணியும்

அறுவை முறை எவ்வாறு வளர்ந்தது? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலே பால் ஹாரிங்டன், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு கோணிய சிறுவர்க்காக ஓர் எஃகுக் கம்பியை வடித்தார். இரு முனையிலும் கொக்கி, இடையே கம்பி, கொக்கியை எலும்பிலே மாட்டி நெம்பினால் முதுகு நேராகும். 1962இல் அதனை விரித்து எழுதினார். சில ஆண்டுகளிலேயே அது முறிவுக்கும் பயன்படலாயிற்று. ஆனால் ஓர் எலும்பு முறிந்ததற்காக மேலும் கீழும் பல எலும்புகளை அசையாமல் பூட்ட வேண்டியிருந்தது. நிமிர்ந்தான் மனிதன், வளைய முடியவில்லை.

பாரிசிலே ரேமோன் ரூவா-காமீ 1963இல் வேறு வழி கண்டார். ஒவ்வொரு முள்ளெலும்பிலும், பின்புற வளைவை முன்புற உடலோடு இணைக்கும் இரண்டு காம்புகள் உண்டு. கத்தரிக்காயைச் செடியோடு இணைக்கும் காம்புபோல. வலிமை மிக்க பகுதி அது. அதன் வழியே பின்னிருந்து திருகாணியைச் செலுத்தினால் எலும்பின் உடல் வரை பற்றிக்கொள்ளும். ஆனால் காம்பின் உட்புறத்தை ஒட்டியே வடமும் நரம்புகளும் செல்கின்றன. சில மில்லிமீட்டர் தவறினாலும் கேடு. அவ்வளவு நுண்மையான வேலை. 1977இல் சுவிட்சர்லாந்திலே மாகெர்ல் என்பவர் காம்பு வழிச் செலுத்திய நீண்ட திருகாணிகளை உடலுக்கு வெளியே சட்டமிட்டுப் பிணைத்தார். 1980களிலே வால்டர் டிக் அந்தச் சட்டத்தை உடலுக்குள்ளேயே அமைத்தார். முறிந்த எலும்புக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் குறைந்த எலும்புகளைப் பூட்டினால் போதும் என்ற நிலை பிறந்தது. எஃகுக்குப் பதில் டைட்டேனியம் வந்தது. குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் சி.டி. கருவி வந்தபின், 1983இல் ஃபிரான்சிஸ் டெனிஸ் முதுகெலும்பை மூன்று தூண்களாகப் பிரித்துக் கணிக்கும் முறையைத் தந்தார். இன்று கோவையிலும் சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் காம்புத் திருகாணி அறுவை அன்றாடப் பணி.

அறுவை யாருக்கு?

முதுகொடிந்தார் எல்லாருக்கும் கத்தி வேண்டுமோ? வேண்டியதில்லை. அறிவியல் தன் கண்டுபிடிப்பையே குறுக்கு விசாரணை செய்யும் இயல்புடையது. வெடித்து நசுங்கிய முறிவு, ஆனால் நரம்புக்குக் கேடில்லை. அத்தகையோரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு அறுவையும் மறு கூறுக்குக் கட்டும் ஓய்வும் தந்து ஒப்பிட்டு, 2003இல் அமெரிக்க மருத்துவர் சிலர் முடிவை வெளியிட்டனர். நெடுநாள் நலனிலே அறுவை பெற்றோர் மேம்பட்டதாகத் தெரியவில்லை. முதுமையிலே எலும்பு மெலிந்து நசுங்கினால் சிமெண்டு போன்ற பொருளை ஊசிவழி செலுத்தும் முறையையும் 2009இல் இரண்டு ஆய்வுகள் சோதித்தன. ஊசி போடுவதுபோல் நடித்த போலிச் சிகிச்சையைவிட அது மேலென்று அவை காணவில்லை. இவ்வாறு தன் பொருளையே தராசில் இட்டுக் காட்டும் பூசாரி உண்டா? சோதிடர் உண்டா?

2005இல் வெளியான ஒரு மதிப்பீட்டு முறை மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எலும்பு எவ்வாறு முறிந்தது? பின்புறத் தசைநார் அறுந்ததா? நரம்பு கெட்டதா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது குறைவு எனில் பொதுவாக அறுவை வேண்டியதில்லை. 5 அல்லது மிகுதி எனில் அறுவை. 4 எனில் மருத்துவர் தேர்ந்து முடிவு செய்வார். விதியைப் பார்க்கச் சோதிடன் கட்டம் போடுகிறான்; முறிவைப் பார்க்க மருத்துவர் கணக்குப் போடுகிறார். இரண்டும் எண்கள்தாம். ஒன்று சரிபார்க்கத்தக்கது, மற்றது சரிபார்த்தால் உதிர்ந்துவிடும்.

நரம்பு ஓரளவே கெட்டு, எலும்புத்துண்டு அழுத்திக்கொண்டிருந்தால் விரைந்து அழுத்தம் நீக்குவது நலம், இயன்றால் ஒருநாளைக்குள். வடம் முழுதும் அறுந்திருந்தால் எந்த அறுவையும் அதை மீண்டும் ஒட்டித் தருவதில்லை. இதை மறைப்பவன் மருத்துவனாயினும் ஏமாற்றுக்காரனே. ஆனால் அப்போதும் திருகாணி வீணன்று. முதுகு உறுதிப்பட்டால் நோயாளி சில நாட்களிலே உட்காரலாம், படுக்கைப்புண்ணைத் தடுக்கலாம், சக்கர நாற்காலியை நாடலாம்.

நம் கையிலே இருப்பது

தோழர்களே! திருகாணியைச் செலுத்துவது மருத்துவரின் பணி. அதற்கு முந்திய ஒரு மணி நேரம் நம்முடையது. கிணற்றடியிலே விழுந்தவனை என்ன செய்கிறோம்? கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் தூக்குகிறோம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறோம். வளைத்து மடக்கி ஆட்டோவிலே திணிக்கிறோம். சில ஊர்களிலே எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறோம். விழும்போது பிழைத்த நரம்பு நம் அன்பிலே நசுங்குகிறது! அசையாதிருந்த துண்டு வடத்தை வெட்டுகிறது.

செய்ய வேண்டியது எளிது. தீயோ நீரோ இடிபாடோ நெருங்கினாலன்றி அவனை அசைக்கலாகாது. உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். கிணற்றுக்குள் என்றால் தீயணைப்பு மீட்புப் படையையும் அழைக்க வேண்டும். எடுத்தே தீர வேண்டுமெனில் ஒருவர் தலையையும் கழுத்தையும் நேரே பிடிக்க, மூவரேனும் பக்கவாட்டிலே நின்று, ஒரே குரலுக்கு ஒரே மரக்கட்டைபோல் உருட்டி, உறுதியான பலகையிலே கிடத்த வேண்டும். கயிற்றுக்கட்டில் குழியும், அது வேண்டாம். கழற்றிய கதவுப் பலகை நன்று. கால்விரலை அசைக்க முடிகிறதா என்று கேட்டு, எத்தனை மணிக்குக் கேட்டோம் என்பதையும் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இத்தனையும் கற்க மருத்துவக் கல்லூரி வேண்டா. படிப்பகத்திலே ஒரு மாலைப்பொழுது போதும்.

2022 சனவரியிலே விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை வரை ஓட வேண்டியிருந்த மாவட்டத்துக்கு அது பேருதவி. ஏழைக் குடும்பங்களின் அறுவைச் செலவுக்கென முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; அட்டை பெறாத வீடுகளுக்கு அதைப் பெற்றுத் தருவது நம் கடமை. 2021 திசம்பரிலே, சாலை விபத்திலே சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை, குறித்த தனியார் மருத்துவமனைகளிலும், அரசே ஏற்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். சாலையில் விழுந்தவனுக்கு உள்ள உரிமை கிணற்றில் விழுந்தவனுக்கும், பனையில் விழுந்தவனுக்கும், பட்டாசுக் கொட்டகைச் சுவரின் கீழே சிக்கியவளுக்கும் வேண்டாமா? எழுப்ப வேண்டிய குரல் இது.

அறுவை முடிந்து ஊர் திரும்புவோரை நாம் என்ன செய்யப்போகிறோம்? இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட அந்த வீட்டிலே கை போதாது; முறை வைத்து நாம் செல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, பள்ளிக்கும் பேரூராட்சி அலுவலகத்துக்கும் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை இருக்கிறதா என்று நாம் பார்த்து வரலாம், இல்லையேல் கேட்கலாம். அவர்களுக்கு ஏற்ற தொழில் எது என்று அவர்களையே கேட்கலாம். சக்கர நாற்காலியிலிருந்தே விரல்களை நிமிர்த்திய பெண்ணின் கதையைச் சொல்லலாம்.

மருத்துவம் செய்யத்தகாதது என்று எகிப்தியன் எழுதிய தீர்ப்பை மாற்ற மூவாயிரம் ஆண்டுகள் ஆயின. மாற்றியவர்கள் வானத்திலிருந்து வந்தவர்களல்லர். தோற்றதை எழுதியவர்கள், இரவிலே விழித்துப் புரட்டியவர்கள், சுரங்கத் தொழிலாளியின் முதுகை உற்று நோக்கியவர்கள். அவர்கள் செய்த வேலையின் எஞ்சிய பங்கு நம் ஊரிலே, நம் கிணற்றடியிலே காத்திருக்கிறது. அடுத்தமுறை ஒருவன் விழும்போது, விதி என்று சொல்லக் கூடும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பலகையோடு வருபவர் நம் இளைஞராக இருக்கட்டும்!